மீண்டும் மீண்டும் வரும் சலக்கடுப்பு: பழைய மருந்துத் துண்டை நீட்டுவதற்கு முன்

சலக்கடுப்பு, நீர்க்கடுப்பு, மூத்திர எரிவு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் வேதனை ஒன்றுதான். சலம் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்து ஐந்து நிமிடத்தில் மீண்டும் முட்டுவது போன்ற உணர்வு, அடிவயிற்றில் பாரம், இரவில் நான்கைந்து தடவை எழும்ப வேண்டிய நிலை. பெண்களில் பாதிப் பேராவது வாழ்நாளில் ஒரு தடவை சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த கணக்கு. ஒரு தடவை வந்து, சில நாள் மருந்தோடு போய்விட்டால் அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

இக்கட்டுரை, வந்து போகாமல் தங்கிவிட்ட சலக்கடுப்பைப் பற்றியது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை தொற்று ஏற்பட்டால் அதை மீள்வரும் தொற்று என்று வைத்தியர்கள் வகைப்படுத்துகிறார்கள். அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்ட உம்மாமார், மாமிமார், ராத்தாமார் எமது வீடுகளில் இருக்கிறார்கள். பலர் ஐம்பது வயதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்களது அலுமாரியில் ஒரு பழைய மருந்துத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். எரிச்சல் தொடங்கியதும் அது பாமசிக்குப் போகும். வைத்தியரின் புதிய துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது சட்டம். நடைமுறை என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நான் வைத்தியர் அல்ல, ஆசிரியை. ஆயினும் இந்த விடயத்தில் எமது பெண்களுக்குச் சொல்லப்படாத ஒரு பகுதி இருக்கிறது. சலக்கடுப்பு என்றால் கிருமி, கிருமி என்றால் அன்டிபயோட்டிக் என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. மாதவிடாய் நின்ற பின்னர் உடலில் ஏற்படும் ஹோர்மோன் மாற்றமே பலருக்கு இதன் அடிவேர் என்பதையும், அதற்குத் தனியான, எளிமையான சிகிச்சை இருக்கிறது என்பதையும் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

என் சாச்சி ஒருவர். வயது 63. ஒரே வருடத்தில் ஐந்து தடவை அன்டிபயோட்டிக் எடுத்திருந்தார். மகனிடம் விடயத்தைச் சொல்ல வெட்கம். எனவே "வயிற்று வலி" என்று சொல்லித்தான் பாமசிக்கு அனுப்புவார். ஒரு தடவை அவன் வாங்கி வந்தது காஸ்ரிக்குக்கான குளிசை. ஐந்தில் ஒரு தடவையேனும் யூரின் கல்ச்சர் செய்யப்பட்டிருக்கவில்லை. கடைசியில் செய்தபோது கிருமி எதுவும் வளரவில்லை. பெண்நோயியல் விசேட வைத்திய நிபுணர் ஒருவர் பரிசோதித்த பிறகுதான், எரிச்சலுக்குக் காரணம் வறண்டு மெலிந்துபோன தோல் என்பது தெரிந்தது.

மாதவிடாய் நின்றபின் என்ன நடக்கிறது

பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளம் மட்டுமே. ஆணுக்கு அது 20 சென்ரிமீற்றர் அளவு. மலவாயிலுக்கும் யோனிக்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் இடையிலான தூரமும் மிகக் குறைவு. குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை என்ற பக்டீரியா இந்தச் சிறு தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் நுழைவதே பெரும்பாலான தொற்றுகளின் கதை. சாதாரண சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்கிற்கு ஈ.கோலையே காரணம்.

அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் எப்போதும் தொற்று வரவேண்டுமே, ஏன் வருவதில்லை? அங்கேதான் ஈஸ்ட்ரஜன் வருகிறது. இளவயதில் இந்த ஹோர்மோன் யோனியின் உட்தோலைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. அத்தோல் கலங்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேமிக்கப்படுகிறது. அதைச் சார்ந்து லக்டோபசிலஸ் எனும் நல்ல பக்டீரியாக்கள் வாழ்கின்றன. தயிரைப் புளிக்கச் செய்யும் பக்டீரியாக்களின் உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம். அவை லக்டிக் அமிலத்தை உருவாக்குவதால் அப்பகுதியின் பீ.எச். பெறுமானம் 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையுடன் இருக்கும். அந்தப் புளிப்பில் ஈ.கோலையால் குடியேற முடியாது.

50 வயதை ஒட்டி மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரஜன் வீழ்ச்சியடையும்போது இந்தக் காவல் கலைகிறது. தோல் மெலிகிறது, கிளைக்கோஜன் குறைகிறது, லக்டோபசிலஸ் மறைகிறது, பீ.எச். 5ஐத் தாண்டுகிறது. குடல் பக்டீரியாக்கள் வாசலிலேயே முகாமிடுகின்றன. சிறுநீர்க் குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் கூட ஈஸ்ட்ரஜனை நம்பியிருக்கும் பாகங்களே. எனவே அவையும் மெலிந்து, இலகுவில் எரிச்சலடைபவையாக மாறுகின்றன. கிருமியே இல்லாமலும் எரிவு, அடிக்கடி சலம் போகும் உணர்வு, அடக்க முடியாமை, தாம்பத்திய உறவில் வலி ஆகியன தோன்றலாம். இவை அனைத்தையும் சேர்த்து 2014ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தில் ஒரே பெயரால், மாதவிடாய் நிறுத்தம் சார்ந்த பிறப்புறுப்பு சிறுநீர்த் தொகுதிக் குறைபாடு என்று அழைக்கிறார்கள். பெயர் நீளமானதுதான். ஆனால் பெயர் இருக்கிறது என்பதே பலருக்கு ஆறுதல். "வயசு போனா இப்படித்தான்" என்ற பதிலை விட அது மேலானது.

உடல் சூடு, வேலைப் பளு, கொத்தமல்லி குடிக்காதது என்று பல காரணங்கள் வீடுகளில் சொல்லப்படும். வெப்பமான எமது காலநிலையில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சலம் செறிவாகி எரிவது உண்மைதான். ஆனால் மாதாமாதம் திரும்பி வரும் எரிவுக்கு அந்த விளக்கம் போதாது.

பூப்பெய்தும் பிள்ளைகளுக்கு உடல் மாற்றங்களைப் பற்றி வகுப்பில் விளக்குகிறோம். அதே பிள்ளையின் உம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் என்ன நடக்கப் போகிறது என்று சொல்லித்தர எமது சமூகத்தில் ஒரு இடமும் இல்லை.

பரிசோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

யூ.எஃப்.ஆர். எனப்படும் சாதாரண யூரின் ரிப்போர்ட் எல்லோருக்கும் பழக்கமானது. அதில் சீழ்க்கலங்கள் அதிகமாக இருந்தால் அழற்சி இருக்கிறது என்பது புரியும். எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது கல்ச்சரும் அதனோடு வரும் ஏ.பி.எஸ்.டி. பரிசோதனையும்தான். மீண்டும் மீண்டும் தொற்று வருபவர்கள் ஒவ்வொரு தடவையும் அன்டிபயோட்டிக்கின் முதல் குளிசையை விழுங்குவதற்கு முன்னர் கல்ச்சருக்குச் சலம் கொடுக்க வேண்டும். குளிசையை விழுங்கிவிட்டு மறுநாள் கொடுத்தால் பெறுபேறு பொய்யாகலாம்.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். தண்ணீரால் நன்கு கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்து, முதலில் வரும் சலத்தைப் போகவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஆய்வுகூடத்தில் தரும் கிருமிநீக்கிய போத்தலில் பிடிக்க வேண்டும். வீட்டிலுள்ள ஜாம் போத்தல் எவ்வளவு கழுவினாலும் சரிவராது. இரண்டு மணித்தியாலத்திற்குள் கொண்டுபோய்க் கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாததால் "பல வகைக் கிருமிகள் கலந்துள்ளன" என்று வரும் ரிப்போர்ட்டுகள் பணத்தையும் நாளையும் வீணாக்குகின்றன.

மறுபக்கமும் உண்டு. 70 வயதைக் கடந்த பெண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லாமலேயே சலத்தில் பக்டீரியா இருக்கும். கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதையில் சத்திர சிகிச்சைக்குத் தயாராகுபவர்களையும் தவிர மற்றவர்களுக்கு இதற்காக அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே 2019இல் அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடு. சலம் கலங்கலாக இருக்கிறது, மணக்கிறது என்பது மட்டும் தொற்றுக்கு அடையாளமல்ல. வயதான உம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி, எரிவு இல்லாதவருக்கு மருந்து கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, அறிகுறி இருக்கிறது, கல்ச்சரில் எதுவும் இல்லை என்ற நிலை. இது மிகவும் சோர்வைத் தருவது. "ரிப்போர்ட் நல்லம், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற வார்த்தையோடு திருப்பி அனுப்பப்படும் பெண் எங்கே போவார்? ஒரு மில்லிலீற்றர் சலத்தில் ஒரு இலட்சம் பக்டீரியா என்ற எல்லை 1950களில் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அறிகுறி உள்ள பெண்களில் அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையும் உண்மையான தொற்றாக இருக்கலாம் என்று 1982இலேயே ஸ்டாம் என்பவரின் குழு காட்டியது. ஆகவே "கல்ச்சர் நெகட்டிவ்" என்பது எப்போதும் இறுதித் தீர்ப்பல்ல. அதேநேரம், ஈஸ்ட்ரஜன் குறைபாடு, சிறுநீர்ப்பை வலி நோய், அதீதமாக இயங்கும் சிறுநீர்ப்பை, கல், கருப்பை இறக்கம், கட்டுப்பாடற்ற நீரிழிவு எல்லாமே இதே அறிகுறிகளைக் காட்டக்கூடியவை. நீரிழிவுக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற குளிசைகளை எடுப்பவர்களுக்குச் சலத்தில் சீனி வெளியேறுவதால் பிறப்புறுப்பில் பங்கசுத் தொற்று ஏற்படுவதுண்டு. அந்த அரிப்பையும் எரிவையும் சலக்கடுப்பு என்று நினைத்து அன்டிபயோட்டிக் எடுத்தால் பங்கசு இன்னும் பெருகும்.

நீண்டகால அன்டிபயோட்டிக்

மீள்வரும் தொற்று உறுதியானால் குறைந்த அளவு அன்டிபயோட்டிக் ஒன்றைத் தினமும் இரவில், மாதக்கணக்கில் எடுக்கச் சொல்லி வைத்தியர் பரிந்துரைக்கலாம். வழமையாக நைட்ரோபியூரன்டோயின் 50 அல்லது 100 மில்லிகிராம், ட்ரைமெதோப்ரிம் 100 மில்லிகிராம், அல்லது செபலெக்ஸின் 125 மில்லிகிராம். இது வைத்தியர் தெரிந்து, கணக்கிட்டுத் தரும் சிகிச்சை. நாமாகப் பாமசியில் வாங்கி இடைக்கிடை விழுங்குவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இது பலனளிக்குமா? அளிக்கும். எடுக்கும் காலத்தில் தொற்றுகள் வெகுவாகக் குறைவதை 2004இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. ஆனால் அதே மீளாய்வு இன்னொன்றையும் சொன்னது. மருந்தை நிறுத்திய பின்னர், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது. ஏனெனில் வாசலில் முகாமிட்டிருக்கும் ஈ.கோலை அங்கேயே இருக்கிறது. மருந்து அதன் காலடியைத் தடுத்தது, முகாமைக் கலைக்கவில்லை. நீண்டகால அன்டிபயோட்டிக்கைத் தொடங்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

விலையும் உண்டு. நைட்ரோபியூரன்டோயின் சிறுநீர்ப்பைக்கு மிகவும் ஏற்ற பழைய மருந்து. 1950களிலிருந்து பாவனையில் இருந்தும் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்ற ஈ.கோலை ஒப்பீட்டளவில் குறைவு. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சலம் கடும் மஞ்சள் அல்லது கபில நிறமாகும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும்போது அரிதாக நுரையீரல் தழும்பேறலாம், ஈரல் பாதிக்கப்படலாம், கைகால் நரம்புகள் விறைக்கலாம். வறட்டு இருமல், படியேறும்போது மூச்சிரைப்பு, கண் மஞ்சளாதல், பாதங்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஏற்பட்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீரகத் தொழிற்பாடு குறைந்தவர்களுக்கும், ஜீ6பீடி குறைபாடு உள்ளவர்களுக்கும் இம்மருந்து பொருந்தாது. எனவே தொடங்குவதற்கு முன் கிரியேட்டினின் பரிசோதனை செய்வது முக்கியம்.

ட்ரைமெதோப்ரிமும், அது கலந்த கோ-ட்ரைமொக்சசோலும் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. பிரஷருக்கு எனலப்ரில் அல்லது லொசார்டன் எடுப்பவர்களில் இது ஆபத்தான அளவுக்குப் போகலாம். எமது ஊர்களில் ஐம்பது கடந்தவர்களில் எத்தனை பேர் லொசார்டன் எடுக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். சலக்கடுப்புக்கு மருந்து எழுதும் வைத்தியருக்குப் பிரஷர் கிளினிக் கொப்பியையும் காட்ட வேண்டியது இதனால்தான்.

சிப்ரோபிளொக்சசின் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாமசிகளில் சலக்கடுப்புக்கு இலகுவாகக் கைக்கு வருவது இதுதான். தசைநாண் கிழிதல், நரம்புப் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகள் காரணமாக, வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இந்த வகை மருந்துகளைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. ஐரோப்பாவிலும் அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன.

எல்லாவற்றிற்கும் மேலாக எதிர்ப்புத்திறன். தினமும் சிறிதளவு மருந்தைக் காணும் குடல் பக்டீரியாக்களில் தப்பிப்பிழைப்பவை பெருகுகின்றன. நாளை உண்மையிலேயே சிறுநீரகம் வரை தொற்று ஏறும்போது குளிசை வேலை செய்யாது. வைத்தியசாலையில் தங்கி ஊசி மருந்து ஏற்ற வேண்டி வரும்.

ஆகவே நீண்டகால அன்டிபயோட்டிக்கிற்கு ஒரு முடிவுத் திகதி இருக்க வேண்டும். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல் ஆறு மாதத்திற்குள் கட்டாயம் மீளாய்வு செய்யச் சொல்கிறது. "எப்போது நிறுத்துவது, டொக்டர்?" என்று முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அன்டிபயோட்டிக் அல்லாத ஒரு தடுப்பு மருந்தும் இருக்கிறது. மெத்தனமின் ஹிப்பியூரேட் என்ற இம்மருந்து அமிலத் தன்மையுள்ள சலத்தில் பிரிந்து போர்மல்டிஹைட்டாக மாறிக் கிருமிகளை அழிக்கிறது. எதிர்ப்புத்திறன் பிரச்சினை இதில் இல்லை. பிரித்தானியாவில் 240 பெண்களிடம் செய்யப்பட்டு 2022இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வில், தினசரி அன்டிபயோட்டிக் எடுத்தவர்களுக்கு வருடத்திற்குச் சராசரியாக 0.89 தொற்றும், மெத்தனமின் எடுத்தவர்களுக்கு 1.38 தொற்றும் ஏற்பட்டன. வருடத்திற்கு ஒன்றுக்குக் குறைவான இந்த வித்தியாசம் பெரிதல்ல என்பதே ஆய்வாளர்களின் முடிவு. உங்களுக்கு இது பொருந்துமா, இங்கே கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம், லண்டனில் காலஞ்சென்ற பேராசிரியர் ஜேம்ஸ் மலோன்-லீ வேறொரு வாதத்தை முன்வைத்தார். கிருமிகள் சிறுநீர்ப்பைச் சுவரின் கலங்களுக்குள் ஒளிந்துகொள்வதால் சாதாரண கல்ச்சரில் அகப்படுவதில்லை, அவற்றை வெல்ல முழு அளவு அன்டிபயோட்டிக்கை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஒரு வருடத்திற்கும் மேலாகக் கொடுக்க வேண்டும் என்றார். அவரது நோயாளிகள் பலர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். கிருமி கலத்துக்குள் ஒளிவது ஆய்வுகூடத்தில் காட்டப்பட்ட உண்மையே. ஆனால் அவரது சிகிச்சை முறை, போலி மருந்து பெற்ற குழுவோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படவில்லை. இணையத்தில் இதைப் படித்துவிட்டு நாமாகவே மூன்று மாதத்துக்கு மருந்து வாங்கி வைப்பது அவர் செய்ததும் அல்ல. அவர் நோயாளியை நேரில் பார்த்து, ஒவ்வொரு வருகையிலும் புதிய சலத்தை நுண்ணோக்கியில் பரிசோதித்தே தீர்மானித்தார்.

அதிகம் பேசப்படாத மருந்து

யோனியில் இடும் ஈஸ்ட்ரஜன் கிறீம் அல்லது சிறு குளிசை. இதைப் பற்றித்தான் எமது பெண்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

1993இல் ராஸ், ஸ்டாம் ஆகிய இருவரும் மாதவிடாய் நின்ற, மீள்வரும் தொற்றுள்ள 93 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரியோல் கிறீம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் கிறீம். எஸ்ட்ரியோல் பாவித்தவர்களுக்கு வருடத்திற்குச் சராசரியாக 0.5 தொற்று. வெறும் கிறீம் பாவித்தவர்களுக்கு 5.9. ஒரே மாதத்தில் மருந்துக் குழுவில் ஐந்தில் மூன்று பங்கினருக்கு லக்டோபசிலஸ் மீண்டும் குடியேறியது. மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. பீ.எச். 5.5இலிருந்து 3.8க்கு இறங்கியது. இங்கே முகாமே கலைந்தது என்பதுதான் விசேடம்.

வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரஜன் குளிசைக்கு இந்தப் பலன் இல்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹோர்மோன் என்றவுடன் புற்றுநோய் என்ற பயம் எழுகிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியாகிப் பரபரப்பை ஏற்படுத்திய ஆய்வு வாயால் எடுக்கும் ஹோர்மோன்களைப் பற்றியது. யோனியில் இடும் குறைந்த அளவு மருந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வுகளில் இதனால் புற்றுநோயோ இதயநோயோ அதிகரித்ததாகக் காணப்படவில்லை. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், குறிப்பாக லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மருந்து எடுப்பவர்கள், தமது புற்றுநோய் நிபுணரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நின்று ஒரு வருடத்திற்குப் பின் இரத்தம் பட்டால், அது ஒரு துளியாக இருந்தாலும், முதலில் அதற்கான காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

பாவிக்கும் முறை சிரமமானதல்ல. வழமையாக முதல் இரண்டு வாரங்கள் ஒவ்வொரு இரவும், பின்னர் வாரத்திற்கு இரண்டு இரவு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகலாம். இரண்டு வாரத்தில் "ஒன்றும் சரிவரவில்லை" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். நிறுத்தினால் பழைய நிலை திரும்பும் என்பதால் நீண்டகாலம் பாவிக்க வேண்டியிருக்கும். படுக்கைக்குப் போகும்போது வைக்கும் மருந்து என்பதால் ரமழானிலும் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

மேற்சொன்ன நைஸ் வழிகாட்டல், மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினசரி அன்டிபயோட்டிக்கை யோசிப்பதற்கு முன் இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இங்கே நடப்பது பெரும்பாலும் தலைகீழ். காரணம் வைத்தியர்கள் மட்டுமல்ல. யோனி வறட்சி பற்றி நாம் வாய் திறப்பதில்லை. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சம், பெண் வைத்தியரிடம் சொல்லவும் நேரமில்லை. சொல்லாததை அவர் எப்படி அறிவார்?

வீட்டில் செய்யக்கூடியவை

தண்ணீர் விடயத்தில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. வழமையாகக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும், மாதவிடாய் நிற்காத 140 பெண்களில் ஒரு பாதியினருக்குத் தினமும் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒரு வருடத்தில் அவர்களுக்கு 1.7 தொற்றும் மற்றவர்களுக்கு 3.2 தொற்றும் ஏற்பட்டன. இது எங்களைப் போன்ற ஆசிரியைகளுக்கும் உரியது. காலை 7.30க்கு பாடசாலை தொடங்கி 1.30க்கு விடும்வரை மலசலகூடத்துக்குப் போகாமல் இருப்பதற்காகவே தண்ணீர் குடிக்காதவர்கள் எம்மில் இருக்கிறார்கள். மலசலகூடத்தின் நிலை அப்படி. நோன்பு காலத்தில் இப்தாருக்கும் சஹருக்கும் இடையில் தண்ணீரைப் பகிர்ந்து குடிக்க வேண்டும். தேநீரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், ஏனெனில் கபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டக்கூடியது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

தண்ணீரால் கழுவும் பழக்கம் நல்லதே. கை ஸ்பிரேயைப் பின்னாலிருந்து முன்னோக்கி வேகமாக அடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. டெட்டோலும் வாசனைச் சவர்க்காரமும் உள்ளே வேண்டாம். அவை எஞ்சியிருக்கும் நல்ல பக்டீரியாக்களையும் விரட்டும். மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். கிரான்பெரி ஓரளவு தடுப்பதாக 2023 கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. ஆனால் எமது கடைகளில் விற்கும் சீனி கலந்த பானத்தை நீரிழிவு உள்ளவர் குடிப்பதில் நன்மையில்லை. டி-மனோஸ் எனும் தூளைப் பற்றி இணையத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. 2024இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில் பலன் தெரியவில்லை. பார்லித் தண்ணீரும் இளநீரும் குடிப்பதில் தவறில்லை, தண்ணீர் சேர்கிறதே. பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளிக்கு மட்டும் இளநீர் ஆகாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் அல்லது முதுகில் வலி, வாந்தி, வயதானவருக்குக் காய்ச்சலோடு திடீரெனப் புத்தி தடுமாற்றம். இவை தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருப்பதன் அல்லது இரத்தத்தில் பரவியிருப்பதன் அடையாளங்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கும் ஆணுக்கும் வரும் சலத் தொற்று எப்போதும் வைத்தியர் பார்க்க வேண்டியதே. வலியில்லாமல் சலத்தில் இரத்தம் போவது இன்னொரு வகை எச்சரிக்கை. அதை மீண்டும் தொற்று என்று நினைத்து அன்டிபயோட்டிக்கால் மூடிவிடாமல், ஸ்கேனும் தேவைப்பட்டால் சிறுநீர்ப்பையைக் கமரா மூலம் பார்க்கும் பரிசோதனையும் செய்து புற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள், தமது பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்கிலிருந்து தொடங்கலாம். 1996 முதல் நடைபெறும் இந்தக் கிளினிக்குகளில் 35 வயதைக் கடந்த பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. தேவையானவர்களை அங்கிருந்து வைத்தியசாலையின் வீ.ஓ.ஜி. கிளினிக்குக்கு அனுப்புவார்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் நேரமும் சொல்வார்.

போகும்போது ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்: கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் எந்த மருந்து, எத்தனை நாள், கல்ச்சர் செய்ததா, கடைசி மாதவிடாய் எந்த வருடம், இப்போது எடுக்கும் மற்ற மருந்துகள் என்ன. பேச நா எழாதவர்கள் "வறட்சி இருக்கிறது, உறவின்போது வலிக்கிறது, ஈஸ்ட்ரஜன் கிறீம் எனக்குச் சரிவருமா?" என்று அதே தாளில் எழுதி வைத்தியர் கையில் கொடுத்தாலும் போதும். சாச்சி அப்படித்தான் கொடுத்தார். எழுதிக் கொடுத்தது அவரது மருமகள்.